கடல்நாயும் நீள லென்ஸும்: தள்ளி நின்று படமெடுப்பது எப்படி?

டெலிஃபோட்டோ லென்ஸ் எதற்கு என்று யாரைக் கேட்டாலும், தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவரத்தான் என்று உடனே பதில் வரும். தப்பில்லை. ஆனால் சீல் எனப்படும் கடல்நாய்களைப் படமெடுக்கக் கிளம்புகிறவர் இதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்ப்பது நல்லது. நாம் கிட்டே போகாமல் இருப்பதற்காகவே அவ்வளவு கனமான லென்ஸைத் தூக்கிக்கொண்டு போகிறோம். லென்ஸைத் தேர்ந்தெடுப்பது, எங்கே உட்கார்வது, எப்போது பொத்தானை அழுத்துவது எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

தண்ணீருக்குள் கடல்நாய் அசகாய நீச்சல்காரன். கரையேறிவிட்டால் வயிற்றால் உந்தி உந்தித்தான் நகர முடியும். அதன் உறவான கடற்சிங்கம் பின்துடுப்புகளை முன்பக்கம் மடக்கி நாலு காலில் நடப்பதுபோல் போய்விடும். கடல்நாய்க்கு அந்த வசதி இல்லை. அதனால் கரையில் இருக்கும் நேரமெல்லாம் அதற்குக் கொஞ்சம் பயம்தான். ஆனாலும் ஓய்வெடுக்க, குட்டி போட, பால் கொடுக்க, பழைய முடியை உதிர்க்க அது கரைக்கு வந்தே ஆக வேண்டும்.

சாம்பல் கடல்நாயின் குட்டி பிறக்கும்போது சுமார் 14 கிலோ இருக்கும். தாய்ப்பால் மூன்று வாரம்கூட முழுதாகக் கிடைக்காது. அந்தப் பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு. அதைக் குடித்துக் குட்டி நாளுக்கு ஏறக்குறைய 2 கிலோ கூடும். தாயோ இந்த நாட்களில் பெரும்பாலும் தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்தே காலம் தள்ளுகிறது. இப்படிப்பட்ட நேரத்தில் ஒருவர் கேமராவோடு கிட்டே போய், தாய் தண்ணீருக்குள் ஓடிவிட்டால் அன்றைக்கு அந்தக் குட்டிக்கு நேரும் நஷ்டம் சின்னதில்லை. குட்டியின் வெள்ளை முடி நீர்காப்பும் அல்ல. பயந்துபோய் அதுவும் கடலில் இறங்கினால் குளிர் தாக்கும்.

அமைதி கலைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். படுத்திருக்கும் கூட்டத்தில் முதலில் ஒரு தலை நிமிரும். கண் உங்கள் மேலேயே நிற்கும். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருக்கும் இன்னும் இரண்டு மூன்று தலைகள் எழும். அடுத்து உடம்பு தண்ணீர்ப் பக்கம் திரும்பும். அப்புறம் ஒன்று இறங்கினால் போதும், மொத்தக் கூட்டமும் அதன் பின்னால் பாயும். நடுவில் குட்டி இருந்தால் நசுங்கும். முதல் தலை நிமிரும்போதே நின்றுவிட வேண்டும். அது மறுபடி தலையைச் சாய்க்கவில்லை என்றால் பின்வாங்க வேண்டும். உங்களையே முறைக்கும் கடல்நாயின் படம் அப்படியொன்றும் நல்ல படமும் இல்லை. உங்களைக் கண்டுகொள்ளாமல் கொட்டாவி விடுவதும், துடுப்பால் வயிற்றைச் சொறிவதும், தலையையும் வாலையும் தூக்கி வாழைப்பழ வடிவில் வளைந்து கிடப்பதும்தான் பார்க்கத் தகுந்த படங்கள்.

எத்தனை மில்லிமீட்டர் வேண்டும்?

அமெரிக்காவில் கடற்பாலூட்டிகளைத் தொந்தரவு செய்வது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கடல்நாயிடமிருந்து குறைந்தது 50 கெஜம், அதாவது சுமார் 45 மீட்டர், தள்ளி நிற்கும்படி அங்கே அரசுத் துறையே பரிந்துரைக்கிறது. ஸ்காட்லாந்தில் குறிப்பிட்ட கரையேறும் இடங்களில் அவற்றைத் தொல்லை செய்வதை 2010ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. போகும் இடத்தின் விதியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே கணக்குக்கு 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

மில்லிமீட்டரில் சொல்லப்படும் லென்ஸின் குவியத் தூரம் கூடக் கூட அது பார்க்கும் கோணம் குறுகும். நீள லென்ஸ் செய்யும் வேலை அவ்வளவுதான். எவ்வளவு குறுகும் என்று அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு: கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரின் அகலத்தைத் தூரத்தால் பெருக்கி, குவியத் தூரத்தால் வகுத்தால் படத்தின் சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) அடங்கும் அகலம் கிடைத்துவிடும். ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சார் 36 மிமீ அகலம். 50 மீட்டர் தூரத்தில் 600 மிமீ லென்ஸ் வைத்தால் 36 × 50 ÷ 600 = 3 மீட்டர். வளர்ந்த சாம்பல் கடல்நாய் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம். சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை அடைத்துக்கொள்ளும். சுற்றிலும் கொஞ்சம் மணல், கொஞ்சம் அலை. இதைவிட வேறென்ன வேண்டும்?

அதே இடத்தில் 400 மிமீ வைத்தால் நாலரை மீட்டர் தெரியும். 200 மிமீ என்றால் 9 மீட்டர். கடல்நாய் மணலில் ஒரு சின்ன உருவம்தான். ஏபிஎஸ்-சி வகைச் சின்ன சென்சார் வைத்திருப்பவர் இங்கே வருத்தப்படத் தேவையில்லை. அதன் அகலம் சுமார் 24 மிமீ. 400 மிமீ லென்ஸோடு சேர்த்தால் 24 × 50 ÷ 400, அதே 3 மீட்டர். பறவை, விலங்கு எடுப்பவர்கள் பலர் சின்ன சென்சாரை விடாமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மாறாக, யானைக் கடல்நாயின் ஆண் 4 மீட்டரைத் தாண்டும். அதற்கு 600 மிமீ வைத்தால் கால்வாசி உடம்பாவது வெளியே நிற்கும். 300 மிமீ போதும்.

தொடங்குபவருக்கு என் சிபாரிசு 150-600 அல்லது 200-600 மிமீ போன்ற ஜூம் லென்ஸ். சிக்மா, டாம்ரான், சோனி எல்லாரிடமும் இந்த ரகம் இருக்கிறது. எஃப் எண் சிறிதானால் ஒளி புகும் துளை பெரிது; எஃப் 4 துளை கொண்ட 600 மிமீ லென்ஸைப் பார்த்து ஏங்க வேண்டாம். அது மூன்று கிலோ, விலையும் அதற்கேற்றபடி. ஜூமில் இன்னொரு லாபமும் உண்டு. 600 மிமீயில் உலகத்தைப் பார்ப்பது சாவித்துவாரம் வழியே பார்ப்பது மாதிரி. கடல்நாய் எங்கே என்று தேடுவதற்குள் அது செய்ததைச் செய்து முடித்துவிடும். 150இல் கண்டுபிடித்து, நடுவில் வைத்து, அப்படியே 600க்குப் போவது எளிது.

இன்னும் நெருக்கம் வேண்டுமென்றால், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் டெலிகன்வெர்ட்டர் இருக்கிறது. 1.4 மடங்குக் கன்வெர்ட்டர் வெளிச்சத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும், எஃப் 6.3 லென்ஸ் எஃப் 9 ஆகிவிடும். மேகமூட்டமான குளிர்காலக் காலையில் அது தாங்காது. 45 மெகாபிக்சல் கேமரா இருந்தால் படத்தைப் பின்னால் ஒன்றரை மடங்கு வெட்டினாலும் 20 மெகாபிக்சல் மிஞ்சும். பெரும்பாலும் அதுவே நல்ல வழி. முகம் மட்டுமே சட்டத்தை நிறைக்க வேண்டும் என்ற ஆசை 50 மீட்டரிலிருந்து நிறைவேறாது. அதை விட்டுவிடலாம்.

தூரம் தரும் கோணம்

விலங்கின் கண் மட்டத்துக்கு இறங்கி எடுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். கடல்நாயின் கண்ணோ மணலிலிருந்து ஒரு முழம் உயரத்தில்கூட இருக்காது. இங்கே தூரமே நமக்கு உதவிக்கு வருகிறது. நின்றபடி பார்க்கும் ஒருவரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். 5 மீட்டரில் கிடக்கும் கடல்நாயை அவர் சுமார் 18 டிகிரி கீழ்நோக்கிப் பார்க்கிறார். படத்தில் அதன் முதுகுதான் தெரியும். 50 மீட்டருக்குத் தள்ளிப் போனால் அதே கோணம் 2 டிகிரிக்கும் குறைவு. முழங்காலை மடக்காமலேயே கண் மட்டம் கிடைத்துவிட்டது.

அப்படியும் தரையோடு தரையாகப் படுத்தால் ஒரு தனி அழகு சேரும். லென்ஸுக்கு முன்னால் இருக்கும் மணலும் புல்லும் மங்கிக் கரைந்து, கடல்நாய் ஒரு மென்மையான நிறப் பட்டையின் மேல் மிதப்பதுபோல் வரும். பின்னால் உடையும் அலை மலைபோல் எழுந்து நிற்பதும் நீள லென்ஸ் படங்களில் வழக்கம். அலை பெரிதாவதில்லை. நீங்கள் தள்ளி நிற்பதால் கடல்நாய்க்கும் அலைக்கும் உள்ள தூரம், உங்களுக்கும் அவற்றுக்கும் உள்ள தூரத்தோடு ஒப்பிட்டால் சொற்பமாகிவிடுகிறது. அதனால் இரண்டும் ஒட்டி நிற்பதாகத் தெரிகிறது. நின்ற இடத்தை மாற்றாமல் சின்ன லென்ஸில் எடுத்து நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பார்த்தாலும் இதே தோற்றம்தான்.

ஃபோகஸில் தெளிவாக விழும் ஆழமும் தூரத்தைப் பொறுத்து மாறும். ஃபுல் ஃபிரேமில் 600 மிமீ, எஃப் 5.6 என்று வைத்தால், 20 மீட்டரில் அது 37 செமீ அளவுதான். கண்ணில் ஃபோகஸ் விழுந்தாலும் வால் மங்கும். 50 மீட்டரில் அதுவே 2 மீட்டரைத் தாண்டிவிடும். ஆகவே துளையைச் சுருக்கி எஃப் 11க்குப் போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்தே வைக்கலாம்.

லென்ஸ் பெரிதாக்கும் மற்றவை

கடல்நாயைப் பெரிதாக்கும் லென்ஸ் உங்கள் கை நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்கும். ஷட்டர் வேகம் குவியத் தூரத்தின் தலைகீழுக்குக் குறையக் கூடாது என்பது பழைய விதி. 600 மிமீக்கு நொடியில் 600இல் ஒரு பங்கு. இன்றைய லென்ஸ்களில் நடுக்கத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு இருப்பதால் இதைவிட மெதுவாகவும் எடுக்கலாம். ஆனால் அந்த ஏற்பாடு உங்கள் கையைத்தான் அடக்கும், கடல்நாயை அடக்காது. தூங்குகிறது என்றால் 1/250 போதும். உந்தி நகர்ந்தால் 1/1000. இரண்டு ஆண்கள் கழுத்தைக் கழுத்தால் இடித்துச் சண்டை போட்டால், தண்ணீர் தெறித்தால், 1/2000. இதற்காக, சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். புள்ளி புள்ளியாக வரும் படத்தை மென்பொருளில் ஓரளவு தேற்றிவிடலாம், கலங்கிப் போனதை ஒன்றும் செய்ய முடியாது.

ட்ரைபாட் நல்லதுதான், கனமான லென்ஸை எளிதாகத் திருப்ப உதவும் கிம்பல் தலை இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் மணலில் படுத்து எடுப்பவருக்குப் பீன் பேக் எனப்படும் சிறு பையே போதும். இடது கையை லென்ஸின் அடியில், முன்பக்கம் தள்ளி வைத்துத் தாங்குங்கள். பிடி சரியாக இருந்தாலே பாதி நடுக்கம் போய்விடும்.

இதைவிடப் பெரிய எதிரி காற்று. புதிதாக நீள லென்ஸ் வாங்கியவர் 'என் லென்ஸ் சரியில்லை' என்று புலம்பினால், பத்தில் பல தடவை குற்றவாளி காற்றுதான் என்பது என் எண்ணம். வெயிலில் சூடான மணலுக்கு மேலே வெப்பக் காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து சுழலும். சூடு மாறும்போது காற்று ஒளியை வளைக்கும் அளவும் மாறும். 50 மீட்டர் தூரம் இப்படிப்பட்ட காற்றைத் துளைத்து வரும் ஒளி நேர்கோட்டில் வந்து சேராது. குளிர்காலத்தில் நடக்காது என்று நினைக்க வேண்டாம். கடல்நீர் காற்றைவிடச் சூடாக இருந்தாலும் இதே கதைதான்.

கண்டுபிடிப்பது எப்படி? வ்யூஃபைண்டரில் கடல்நாயின் விளிம்பை உற்றுப் பாருங்கள். கேமரா அசையாமல் இருக்கும்போதும் விளிம்பு நெளிந்தால் காற்றுதான். தொடர்ந்து பத்துப் படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கி மீசையைப் பாருங்கள். ஒன்றில் மீசை ஒவ்வொரு முடியாகத் தெரியும். அடுத்ததில் கொழகொழவென்று இருக்கும். ஃபோகஸ் இரண்டிலும் ஒன்றே. அப்படியானால் லென்ஸை மாற்றிப் பயனில்லை, ஷட்டர் வேகத்தைக் கூட்டியும் பயனில்லை. அதிகாலைக்கோ மேகமூட்டத்துக்கோ காத்திருக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கலும் உண்டு: தரையோடு படுத்து எடுக்கும்போது ஒளி சூடான மணலை உரசியே வருவதால் நெளிவு அதிகம். அப்போது கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தால் படம் தெளியும், மங்கிய முன்புலத்தின் அழகு குறையும். எது வேண்டும் என்பதை அந்தந்த நேரத்தில்தான் முடிவு செய்ய முடியும். இன்னொன்று, சூடான காருக்குள் இருந்த லென்ஸ் குளிர்ந்த காற்றுக்கு வந்ததும் அதன் முன்னால் மாட்டும் ஹூடு என்ற குழலுக்கு உள்ளேயே இந்தச் சுழல் நடக்கும். கொஞ்ச நேரம் முன்னதாகவே வெளியே எடுத்து வையுங்கள்.

கறுப்பும் வெள்ளையும்

கேமராவின் ஒளிமானிக்கு எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கத்தான் தெரியும். கடல்நாயோ நனைந்தால் கரிய பாறை, காய்ந்தால் வெளிர் சாம்பல், குட்டியாக இருந்தால் வெள்ளை. வெள்ளைக் குட்டி சட்டத்தை நிறைத்தால் கேமரா அதை அழுக்குச் சாம்பலாக்கிவிடும். படத்தின் பிரகாசத்தை மாற்றும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கூட்டி வைக்க வேண்டும், முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). அதே குட்டி கறுத்த சேற்றில் சின்னதாகக் கிடந்தால் கதை தலைகீழ். கேமரா சேற்றைப் பார்த்துப் படத்தைப் பிரகாசமாக்கும், குட்டியின் முடியெல்லாம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். அங்கே குறைக்க வேண்டும். பிராணியின் நிறத்தை மட்டும் பார்க்காமல் சட்டத்தில் எந்த நிறம் அதிக இடத்தை அடைக்கிறது என்று பாருங்கள். பளபளக்கும் தண்ணீருக்கு முன்னால் நனைந்த கடல்நாய் இருந்தால், கூட்டி வைக்காவிட்டால் வெறும் நிழலுருவம்தான் கிடைக்கும். சந்தேகமாக இருந்தால், படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் இடமிருந்து வலமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்து, வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோகஸ் கண்ணில் விழ வேண்டும். பிராணி நகர நகர ஃபோகஸைத் தானே மாற்றும் தொடர் ஃபோகஸில் வைத்து, விலங்குக் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். தடுமாறினால் ஒற்றைப் புள்ளிக்கு மாறிக்கொள்ளலாம். கடல்நாயின் கண் பெரியது, கரியது, எப்போதும் ஈரமானது. அதில் வானத்தின் ஒளி ஒரு பொட்டாக விழுந்தால்தான் முகத்துக்கு உயிர் வரும். ஆகவே வெளிச்சம் உங்களுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருப்பது நல்லது. கண்ணைச் சுற்றி ஈர வளையம் தெரிவதைப் பார்த்து அது அழுவதாகப் பலர் நினைப்பார்கள். நமக்குக் கண்ணீர் மூக்குக்குள் வடிந்துபோகக் குழாய் இருக்கிறது. கடல்நாய்க்கு அது கிடையாது. கண்ணீர் முகத்திலேயே வழிகிறது, அவ்வளவுதான். காய்ந்த முடியில் அந்தக் கறுத்த வளையம் படத்துக்கு நன்றாகவே இருக்கும்.

எங்கே, எப்போது

மணல்திட்டுகளில் கிடக்கும், துறைமுகக் கடல்நாய் என்ற வகை கடல் வற்றும்போது கரையேறும், நீர் ஏறும்போது போய்விடும். ஓத அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பினால் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அவை வருவதற்கு முன்பே போய் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுவது, வந்த பிறகு நெருங்குவதைவிட எப்போதும் மேல். காற்று அவற்றிடமிருந்து உங்களை நோக்கி வீசட்டும். மோப்பம் அவற்றுக்கு நல்ல கூர்மை. வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் தெரியும்படி மேட்டில் நிற்காதீர்கள். கடல்நாய்க்கும் கடலுக்கும் நடுவில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போய்விடாதீர்கள். கரையில் தனியாகக் கிடக்கும் குட்டியைப் பார்த்தால் தாய் விட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். தாய் தண்ணீரில் நின்று, நீங்கள் எப்போது போவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பார்வைக்காகவே ஏற்பாடு செய்யப்பட்ட இடங்களில் தொடங்குவது புத்திசாலித்தனம். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள டோனா நூக்கில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் சாம்பல் கடல்நாய்கள் மணல்மேட்டு அடிவாரம் வரை வந்து குட்டி போடும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். சில குட்டிகள் வேலிக்கு வெகு அருகிலேயே கிடப்பதால் அங்கே 600 மிமீ அதிகப்படி. 100-400 மிமீ லென்ஸ்தான் கைகொடுக்கும். கலிஃபோர்னியாவின் பியட்ராஸ் பிளாங்காஸ் கரையில் மரப்பாலத்தில் நின்றபடி யானைக் கடல்நாய்களைப் பார்க்கலாம். அவை அந்தக் கரைக்கு வரத் தொடங்கியதே 1990இல்தான்; ஜனவரியில் குட்டிகளும் சண்டைகளும் ஒன்றாகக் கிடைக்கும். நார்ஃபோக்கின் பிளேக்னி பாயிண்ட் போன்ற இடங்களுக்குப் படகில் போகலாம். ஆடும் படகில் ட்ரைபாட் உதவாது; கையில் பிடித்து, ஷட்டர் வேகத்தை 1/1000க்குக் கீழே இறக்காமல் எடுக்க வேண்டும்.

நல்ல பார்வை கிடைக்க வேண்டும் என்று விசிலடிப்பது, கைதட்டுவது, தலைக்கு மேல் ட்ரோன் பறக்கவிடுவது எல்லாம் வேண்டாம். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் அதுவாகவே திரும்பிப் பார்க்கும். நீரில் இருப்பவை இயல்பிலேயே வேடிக்கை பார்க்கும் குணம் கொண்டவை. ஓரிடத்தில் அசையாமல் இருந்தால் தலையை நீட்டி எட்டிப் பார்க்கும். முங்கிய இடத்திலேயே மறுபடி எழும் என்று நம்பி ஃபோகஸை அங்கேயே வைத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, உப்பும் மணலும். கடற்கரையில் லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள். ஜூம் லென்ஸ் வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஹூடைப் போட்டே வையுங்கள், சாரல் முன் கண்ணாடியில் படுவது குறையும். திரும்பியதும் முதலில் மணலை ஊதித் தட்டிவிட வேண்டும். துணியை எடுத்து உடனே துடைத்தால் மணல் கண்ணாடியைக் கீறிவிடும். அதன்பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் லென்ஸின் உடம்பைத் துடைக்கலாம். ட்ரைபாட் கால்களின் இணைப்புகளைத் திருகிப் பிரித்து நல்ல தண்ணீரில் அலசி, முழுதாகக் காய்ந்த பிறகே மறுபடி மாட்டுங்கள்.